அச்சமும் மருட்கையும்: ஒரு தரவரிசையின் தத்துவம்

திகில் படங்களிலும் விஞ்ஞானப் புனைகதைப் படங்களிலும் ஈடுபாடு உள்ளவர்கள் நாலுபேர் கூடினால், பேச்சு வெகுவிரைவில் பட்டியலாகிவிடும். எது முதலாவது, எது பத்தாவது, எந்தப் படம் பட்டியலில் இடம்பெறவே தகாதது என்று தொடங்கும் அந்த வாதம், காதற்படங்களையும் குடும்பப் படங்களையும் பற்றிய வாதங்களைவிடக் கடுமையாக நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. காதற்படத்தைத் தரம் பிரிப்பவர் காதல் என்று ஒன்று உண்டா என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டியதில்லை. அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பேய்ப்படத்தைத் தரம் பிரிப்பவரோ, உடல் அழிந்தபின் எஞ்சுவது எது, அது உயிரோடிருப்பவரைத் தீண்ட முடியுமா, தீமைக்குத் தனியே ஓர் இருப்பு உண்டா என்ற கேள்விகளுக்குத் தம்மை அறியாமலே ஒரு விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். விண்வெளிப் படத்தைத் தரம் பிரிப்பவரும், மனிதருக்கு மேற்பட்ட அறிவொன்று அண்டத்தில் இருக்கக்கூடுமா, இருந்தால் அதற்கும் கடவுளுக்கும் என்ன வேறுபாடு என்பதைப் பற்றி ஒரு நிலைப்பாடு எடுத்துவிட்டே பேசுகிறார். எனவே இரசனை பற்றியதாகத் தோன்றும் இந்த விவாதத்தின் அடியில் இருப்பது சமயக் கேள்வியே.

இக்கேள்வியை எழுப்பிப் பார்ப்பதற்குக் கொழும்பைப்போல் பொருத்தமான நகரங்கள் அதிகம் இல்லை. கொட்டாஞ்சேனையையும் அதை ஒட்டிய கொச்சிக்கடையையும் எடுத்துக்கொண்டால், 1857இல் பொன்னம்பல முதலியார் நிறுவி, பின்னர் அவருடைய மகன் சேர். பொன். இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும், புனித அந்தோனியார் திருத்தலமும், புனித லூசியாள் பேராலயமும், தீபதுத்தாராமய விகாரையும் நடந்து சென்றடையக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன. 1873ஆம் ஆண்டின் பாணந்துறை வாதத்தில் ஆன்மா உண்டா, கிறித்தவர்களின் கடவுள் எத்தகையவர் என்ற விடயங்களில் பௌத்தத் தரப்புக்காக வாதாடிய மிகெட்டுவத்தே குணானந்த தேரர் அந்த விகாரையைச் சேர்ந்தவரே. தெற்கே வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துச் சவோய் படமாளிகை இருக்கிறது. இராமகிருஷ்ண மிஷனும் மயூரபதி பத்திரகாளி அம்மன் கோயிலும் அதே பகுதியில் இருக்கின்றன. ஒரே காட்சியை அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்து பார்க்கும் சைவரும் கத்தோலிக்கரும் பௌத்தரும் இஸ்லாமியரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்று ஐயுறுவதற்கு இங்கே போதிய காரணம் உண்டு.

இவ்விரு வகைப் படங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது மேலைநாட்டு வழக்கம் என்று கருதப்படுவதுண்டு. உண்மையில் இவை எழுப்பும் அச்சத்தையும் வியப்பையும் அருகருகே வைத்து வகைப்படுத்திய மிகப் பழைய தமிழ் நூல் தொல்காப்பியம். அதன் மெய்ப்பாட்டியல், அதாவது உள்ளத்தில் நிகழும் உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் முறையை ஆராயும் இயல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. மருட்கை என்பது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கின்வழிப் பிறக்கும். அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்ற நான்கின்வழிப் பிறக்கும். அணங்கு என்பது தெய்வமும் பேயும் உள்ளிட்டு வருத்தும் ஆற்றல் அனைத்தும்; இறை என்பது அரசன் முதலாகத் தம்மை ஆளும் அதிகாரம் உடையோர்.

இந்த எட்டு நிலைக்களன்களை ஓர் இரசிகரின் பட்டியலோடு பொருத்திப் பார்த்தால், அவை வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகின்றன. 1973இல் வெளிவந்த ‘த எக்ஸோசிஸ்ட்’ அணங்கின்பாற்பட்டது. 1975இன் ‘ஜோஸ்’ விலங்கின்பாற்பட்டது. 1960இல் ஹிட்ச்கொக் எடுத்த ‘சைக்கோ’ கள்வரின்பாற்பட்டது, ஏனெனில் அதில் வருத்துபவன் அயலில் வாழும் மனிதனே. காக்கவேண்டிய தந்தையே கோடரியோடு வரும் ‘த ஷைனிங்’ இறையின்பாற்பட்டது. மருட்கையிலும் அவ்வாறே. உடல் சுருங்கிக்கொண்டே போகும் மனிதனைப் பற்றிய 1957ஆம் ஆண்டுப் படம் சிறுமையையும், 1968இன் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ பெருமையையும், ஒன்று மற்றொன்றாகத் திரிந்து வளரும் கதைகள் ஆக்கத்தையும் களனாகக் கொண்டவை. வேற்றுக்கோளினர் தங்கள் உலகத்துக்கு இசை கற்பிக்க ஒரு பெண்ணைக் கவர்ந்துசெல்லும் ‘கலை அரசி’ என்ற 1963ஆம் ஆண்டுத் தமிழ்ப்படம் புதுமையைச் சார்ந்தது. ‘ஏலியன்’ திகில் படமா, விஞ்ஞானப் படமா என்று 1979 முதல் நடந்துவரும் வாதத்துக்கும் இங்கே ஒரு தெளிவு கிடைக்கிறது: களம் மருட்கைக்குரியதாயினும் நிலைக்களன் விலங்கே ஆகையால், அதில் மேலோங்குவது அச்சமே.

தொல்காப்பியத்தின் உரையாசிரியர்கள் இன்னொரு படியும் சென்றார்கள். சுவைக்கப்படும் பொருள், அதைப் பொறிகளால் உணர்தல், அதனால் உள்ளத்தில் எழும் குறிப்பு, அக்குறிப்பு மயிர்சிலிர்த்தலாகவும் கண்ணீராகவும் உடம்பில் வெளிப்படும் சத்துவம் என்று நான்கு படிகளை அவர்கள் பிரித்தார்கள். இரசிகர்களின் வாதங்களில் நேரும் குழப்பத்தில் பெரும்பகுதி இப்படிகளை ஒன்றோடொன்று மயக்குவதால் வருவதுதான். ‘இந்தப் படம்தான் மிகவும் பயங்கரமானது’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் அளப்பது சத்துவத்தை, அதாவது தம் உடம்பு துள்ளியதை. ‘அதில் ஒன்றுமே இல்லை’ என்று மறுப்பவர் அளப்பது சுவைப்பொருளை. இடையில் உள்ளத்தில் எழுந்த குறிப்பு எத்தகையது, அது எதை நோக்கிச் சென்றது என்பதை இருவருமே கேட்பதில்லை. சமயச் சிந்தனைக்கு முக்கியமானது அந்த மூன்றாவது படியே.

பொருளைப் பற்றிய கருத்து வேறுபாடே எவ்வளவு ஆழமானது என்பதற்கு ‘த எக்ஸோசிஸ்ட்’ தக்க சான்று. நாவலை எழுதிய வில்லியம் பீற்றர் பிளாற்றி கத்தோலிக்கர். கதையின் நடுநாயகமான பாதிரியார் காராஸ் தம் விசுவாசம் தளர்ந்து நிற்பவர். அவருக்கு எதிரே ஒரு சிறுமியின் உடலில் தீய ஆவி வெளிப்படுவது அச்சமூட்டும் அதே வேளையில், கடவுள் இருப்பதற்கான தலைகீழ்ச் சான்றாகவும் அமைகிறது. சாத்தான் மெய்யானால் அவனை வென்றவரும் மெய்யாகவே இருந்தாகவேண்டும். கொச்சிக்கடைத் திருத்தலத்தில் மெழுகுதிரி ஏற்றி வணங்கும் ஒரு விசுவாசி இப்படத்தைப் பட்டியலின் உச்சியில் வைத்தால், அவர் அச்சத்தின் அளவை மட்டும் கருதி அப்படிச் செய்யவில்லை. தம் நம்பிக்கையின் கட்டமைப்பு முழுவதும் அந்தத் திரையில் இயங்குவதைக் கண்டதால் செய்கிறார்.

சைவருக்கு அக்கட்டமைப்பு அப்படியே பொருந்துவதில்லை. சைவசித்தாந்தத்தில் இறைவனுக்கு எதிராக நிற்கவல்ல தீமையின் தலைவன் எவனும் இல்லை. உயிரைக் கட்டியிருப்பவை ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களே, அவற்றுள் ஆணவம் உயிரின் அறிவை மறைக்கும் இருளாக உயிருக்குள்ளேயே இருப்பது. பேய்களோ சிவபெருமானின் பகைவரல்லர். அவன் ஆடும் சுடுகாட்டில் உடனாடும் கணங்கள். இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண விரும்புவோர், பொலன்னறுவையில் கிடைத்த சோழர்காலச் செப்புத் திருமேனிகளுள் ஒன்றான காரைக்காலம்மையாரைப் பார்க்கவேண்டும். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எண்ணத்தக்கவாறு துருத்திநிற்க, தசை வற்றிய மார்பு தொங்க, மெலிந்த கைகளில் தாளத்தை ஏந்தி அவர் அமர்ந்திருக்கிறார். திரைப்படத்தில் இத்தகைய உருவம் இருட்டிலிருந்து திடீரென வெளிப்பட்டால் அரங்கு அலறும். இச்சிற்பியோ அந்த முகத்தில் பாட்டின் இன்பத்தைத் தவிர வேறு எதையும் வைக்கவில்லை. அழகிய வணிகர் குலப் பெண்ணாகப் பிறந்து, தாமே வேண்டிப் பேயுருப் பெற்று, இறைவனால் அம்மையே என்று அழைக்கப்பட்டவர் அவர். அச்சத்தின் உருவமே பத்தியின் உருவமாக நிற்கும் ஒரு மரபில் வளர்ந்தவருக்குப் பேயைத் துரத்தும் சடங்கு கதையின் முடிவாகத் தோன்றாது. அந்தப் பேய் யார், அதற்கு என்ன வேண்டும் என்பதே அவருடைய கேள்வியாக இருக்கும். தமிழ்ப் பேய்ப்படங்களில் பெரும்பாலானவை, ‘காஞ்சனா’ (2011) உட்பட, அநீதியாகக் கொல்லப்பட்ட ஒருவரின் வழக்கைப் பேயின் வாயால் கேட்கும் படங்களாக அமைந்திருப்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். முற்பிறவி நினைவை மையமாகக் கொண்ட ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) போன்ற ஒரு படத்தை மேலைநாட்டார் இயற்கை கடந்த கதைகளின் பட்டியலில் வைப்பார்கள்; மறுபிறப்பைக் கன்மத்தின் இயல்பான விளைவாகக் கொள்ளும் பார்வையாளருக்கு அதில் இயற்கையைக் கடந்தது எதுவும் இல்லை.

மருட்கையின் பக்கம் திரும்பினால், கொழும்புக்கு இவ்விடயத்தில் உரிமையான ஒரு வரலாறு உண்டு. ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறி, 2008இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘2001’, பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் ‘சைட் அன்ட் சவுண்ட்’ சஞ்சிகை பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில், 2022இல் இயக்குநர்களின் பட்டியலில் முதலிடம் பெற்றது. அப்படத்தின் மையத்தில் இருப்பது கடவுள் என்ற எண்ணமே என்றும், ஆனால் அது மரபு வழியாக மனித உருவில் எண்ணப்படும் கடவுள் அன்று என்றும் குப்ரிக் 1968இலேயே கூறியிருந்தார். தம் இறுதிக்கிரியையில் எந்தச் சமயச் சடங்கும் இடம்பெறக்கூடாது என்று எழுதிவைத்த கிளார்க்கின் கற்பனையிலிருந்து, சமயவாதிகளும் நாத்திகரும் ஒருங்கே முதலிடம் தரும் ஒரு படம் பிறந்தது தற்செயலன்று. அங்கே வரும் கருங்கற்பலகை பேசுவதில்லை, உருக்காட்டுவதில்லை, எதையும் கட்டளையிடுவதில்லை. குரங்கினத்தின் முன்னும் விண்வெளி வீரனின் முன்னும் வெறுமனே நிற்கிறது. அதன்மேல் பார்வையாளர் தம் சமயத்தை ஏற்றிக்கொள்ள இடம் இருக்கிறது.

கிளார்க்கோடு இலங்கைக்கு வந்த மைக் வில்சனின் வாழ்க்கை வேறு திசையில் சென்றது. 1956இல் திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிலின் இடிபாடுகளை மூழ்கிக் கண்டவர்களுள் ஒருவரும், கிளார்க்கின் பொருளுதவியோடு 1962இல் ‘ரன் முத்து தூவ’ என்ற முதலாவது வர்ணச் சிங்களப் படத்தை இயக்கியவருமான அவர், பிற்காலத்தில் துறவு பூண்டு, கதிர்காமக் கந்தனின் அடியாராகச் சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு வாழ்ந்தார். அதற்கு முன், 1967இல், சத்யஜித் ராய் ‘த ஏலியன்’ என்ற படத்துக்கான திரைக்கதையை எழுதியபோது அதைத் தயாரிப்பு நிறுவனத்திடம் கொண்டுசென்றவரும் வில்சன்தான். இரசிகர்களின் ஆர்வம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அம்முயற்சியின் தொடக்கமே ஒரு சான்று: கல்கத்தாவில் விஞ்ஞானப் புனைகதைப் படங்களுக்கென ஒரு திரைப்படக் கழகம் தொடங்கவிருந்த வேளையில் அதற்கு வாழ்த்துக் கேட்டுக் கிளார்க்குக்கு ராய் எழுதிய கடிதத்திலிருந்து வளர்ந்த தொடர்பு அது.

எடுக்கப்படாமலே போன அந்தப் படத்தின் கதை இக்கட்டுரையின் கேள்விக்கு நேராக வருகிறது. வங்காளக் கிராமமொன்றின் தாமரைக்குளத்தில் விண்கலம் ஒன்று இரவில் வீழ்ந்து மூழ்குகிறது. நீருக்கு மேலே தெரியும் அதன் உச்சியைக் காணும் கிராமத்தவர், மண்ணுக்குள் புதைந்துபோன பழங்கோயில் எழுந்துவருகிறது என்று கொண்டு வழிபடத் தொடங்குகிறார்கள். ஒரு வணிகர் அதை யாத்திரைத் தலமாக்கப் பணத்தோடு வருகிறார். சைவசித்தாந்த அளவையியல், அதாவது அறிவைப் பெறும் வழிகளை ஆராயும் துறை, ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்ற இரண்டை உண்மைக்காட்சியிலிருந்து வேறுபடுத்தும்: தூணோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயம், கயிற்றைப் பாம்பு என்று துணிவது திரிவு. அவ்விலக்கணப்படி கிராமத்தவரின் காட்சி திரிவே. ஆயினும் மனிதருக்கு மேற்பட்டது ஒன்று தங்களிடையே வந்திருக்கிறது என்ற அவர்களின் உணர்வில் பிழை இல்லை. பிழை பெயரில் மட்டுமே. வணிகருக்குப் பெயரும் பிழை, உணர்வும் பிழை. இவ்வளவு நுட்பமான வேறுபாட்டைக் காட்டக்கூடிய கதை எடுக்கப்பட்டிருந்தால், விஞ்ஞானப் படங்களின் தரவரிசையில் அது மிக உயர்ந்த இடத்தைப் பெற்றிருக்கும் என்றே கொள்ளவேண்டும்.

இனி, உள்ளத்தில் எழும் குறிப்பாகிய அந்த மூன்றாவது படிக்கு வரலாம். அச்சமும் வியப்பும் எழுந்தபின் உள்ளத்தில் என்ன நிகழவேண்டும்? இதற்கு மிகத் தெளிவான விடை தந்தவர் கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கொச்சிக்கடைக் கோயிலை நிறுவிய குடும்பத்தின் நெருங்கிய உறவினர். 1943இல் அவர் எழுதிய கட்டுரையொன்று பாளி மரபின் சம்வேகம் என்ற கருத்தைக் கலைத் தத்துவத்துக்குக் கொண்டுவந்தது. சம்வேகம் என்பது ஒன்றைக் கண்டு உள்ளம் உலுக்கப்படுதல். ஆனால் அவ்வுலுக்கல் உடம்போடு நின்றுவிடாமல், கண்டதன் பொருளை உணர்ந்து, வாழ்க்கையையே வேறாகக் காணும் நிலைக்கு இட்டுச்செல்லும். அவர் எடுத்துக்காட்டும் அங்குத்தர நிகாய உவமையில் நான்கு நல்ல குதிரைகள் வருகின்றன: தாற்றுக்கோலின் நிழலைக் கண்ட அளவிலேயே விழிப்படைவது ஒன்று, கோல் மயிரில் பட்டபின் விழிப்படைவது ஒன்று, தோலில் பட்டபின் விழிப்படைவது ஒன்று, எலும்பில் தைத்தபின் விழிப்படைவது நான்காவது. அவ்வாறே, எங்கோ ஒருவர் இறந்தார் என்று கேட்டதும் உலுக்கப்படுபவர், இறப்பைத் தாமே கண்டபின் உலுக்கப்படுபவர், தம் உறவினர் இறந்தபின் உலுக்கப்படுபவர், தம் உடலிலேயே மரணவேதனை தோன்றியபின் உலுக்கப்படுபவர் என மனிதரும் நால்வர்.

இதுவும் ஒரு தரவரிசைதான். ஆனால் தரம் பிரிக்கப்படுவது கோல் அன்று, குதிரை. குருதியைக் காட்டும் படம் மேலானதா, கதவு தட்டப்படும் ஓசையை மட்டும் கேட்கச் செய்யும் 1963ஆம் ஆண்டின் ‘த ஹோன்டிங்’ போன்ற படம் மேலானதா என்று இரசிகர்கள் நெடுங்காலமாக நடத்தும் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. திருவருள் பதியும் நிலையாகிய சத்திநிபாதத்தை மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்காகச் சைவசித்தாந்தம் வகுப்பதும் உயிரின் பக்குவத்தை நோக்கியே. மேலும், உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்பது சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கை. இரண்டு மணிநேரம் எதைச் சார்ந்து நின்றதோ அதன் வண்ணத்தை உயிர் பெறுமாயின், ஒருவரின் பத்துப் படங்களின் பட்டியல் அவருடைய உயிர் எவற்றின் வண்ணத்தைத் தானாகவே விரும்பி ஏற்றது என்பதன் பட்டியலாகிறது.

இந்நகரில் நான்காவது குதிரையின் நிலையில் வைக்கப்பட்டவர்கள் பலர். 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் வீடுகளை அடையாளம் கண்டன. ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவும் தீக்கிரையானது. அந்த நாட்களில் அயலவரின் வீட்டுப் பின்னறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு தாய், ஜோர்ஜ் ரொமெரோவின் ‘நைட் ஒவ் த லிவிங் டெட்’ (1968) படத்தைப் பிற்காலத்தில் பார்க்க நேர்ந்தால், சன்னல்களைப் பலகையால் அடைத்துவிட்டு வெளியே திரளும் கூட்டத்தின் காலடியோசைக்குச் செவிகொடுக்கும் அந்தக் காட்சியை அவர் கற்பனையின் கணக்கில் வைக்கமாட்டார். அப்படத்தின் இறுதியில், இரவு முழுவதும் தாக்குப்பிடித்த கறுப்பின இளைஞனைக் காலையில் சுட்டுக் கொல்பவர்கள் எழுந்து நடமாடும் பிணங்கள் அல்லர். ஒழுங்கை நிலைநாட்ட வந்த, துப்பாக்கி ஏந்திய மனிதர்கள். தொல்காப்பியர் எண்ணிய நான்கு களன்களில் பாதி, கள்வரும் இறையும், மனிதர் என்பதை இங்கே மறந்துவிடலாகாது. பேய்ப்படங்களைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளும் முதியவர்களை இரசனையற்றவர்கள் என்று இளைஞர்கள் கருதும்போது, அம்முதியவர்களின் பட்டியலில் முதலிடங்கள் ஏற்கெனவே நிரம்பிவிட்டன என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைத் திருத்தலத்தில் குண்டு வெடித்தபின், இளைய தலைமுறைக்கும் அந்த இடங்களில் ஒன்று நிரப்பப்பட்டுவிட்டது.

அத்தகைய அனுபவம் உடையவர்களுக்கும் கலை தரக்கூடியது ஒன்று உண்டா என்றால், உண்டு. எலும்பில் தைத்த அச்சம் பெரும்பாலும் ஊமையாகவே இருந்துவிடுகிறது; அது சம்வேகமாக முதிர்வதற்கு, தைத்தது எது என்று சற்று விலகிநின்று காண ஒரு தூரம் தேவை. நல்ல திகில் படம் அந்தத் தூரத்தைத் தருகிறது. தராமல், அச்சத்தை எழுப்பிவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தில் அதைத் துடைத்தெறியும் படம், எவ்வளவு திறமையாக எடுக்கப்பட்டிருந்தாலும், இந்த அளவுகோலின்படி தாழ்ந்ததே.

இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டும் உதாரணம் கிளார்க்கின் கதை ஒன்றிலேயே இருக்கிறது. 1955இல் வெளிவந்த ‘த ஸ்டார்’ கதையில், விண்கலத்தில் செல்லும் ஓர் இயேசுசபைத் துறவி, வெடித்து அழிந்த ஒரு விண்மீனின் எச்சங்களையும், அதனோடு எரிந்துபோன ஓர் உயரிய நாகரிகத்தின் நினைவுச் சின்னங்களையும் காண்கிறார். கணக்கிட்டுப் பார்க்கையில், அந்த வெடிப்பின் ஒளிதான் பெத்லகேமின் வானில் தோன்றியது என்று தெரிகிறது. கடவுளின் வருகையை அறிவிக்க ஒரு முழு மக்களினம் எரிக்கப்பட்டதா என்ற கேள்வியோடு கதை நின்றுவிடுகிறது. 1985இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘த ருவைலைட் சோன்’ தொடர் நத்தார்க் காலத்தில் இக்கதையைப் படமாக்கியபோது, அழிந்த மக்கள் தங்கள் முடிவை அமைதியோடு ஏற்று விட்டுச்சென்ற செய்தியொன்றைச் சேர்த்து, துறவிக்கு ஆறுதல் அளித்து முடித்தது. பார்வையாளர் மனம் நோகாமல் உறங்கச் செல்ல அந்த மாற்றம் உதவியிருக்கும். ஆனால் விசுவாசத்தை உள்ளபடி மதித்தது கிளார்க்கின் வடிவமே. ஏனெனில் தம் நம்பிக்கையை விட்டுவிடாமலும் தாம் கண்டதை மறுக்காமலும் அத்துறவியை அது நிற்கவைத்தது. புனித லூசியாள் பேராலயத்தில் மன்றாடும் ஒரு கத்தோலிக்கரும், பொன்னம்பலவாணேசுவரர் சந்நிதியில் நிற்கும் ஒரு சைவரும், குற்றமற்றோர் ஏன் எரிந்தார்கள் என்ற கேள்வியைத் துறவியின் வாயிலிருந்து கேட்டு, தத்தம் மரபிலிருந்து அதற்கு வெவ்வேறு விடைகளைத் தேடமுடியும். தொலைக்காட்சி வடிவத்தைப் பார்த்துவிட்டு எழுபவருக்குத் தேடுவதற்கு எதுவும் மீதமில்லை.